மூன்றாவது துண்டு

கண்டியில் மழை பெய்தால் தொலைபேசி இரையும்; இன்டர்நெட்டும் அந்த லைனில்தான் வரும். மலைப் பக்கம் இருட்டிக்கொண்டு வருவதைக் கண்டால் நான் உடனே இன்டர்நெட் தொடர்பை எடுத்துவிடுவேன். பிந்தினால் அன்றைக்குக் கிடைக்காது. இப்படிச் சின்ன விஷயங்களில் எப்போதும் கவனமாக இருப்பவன் நான். என்னோடு வேலை செய்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

காணாமல் போனவர்களைப் பற்றி விசாரிக்கிற நீங்கள் எழுதித் தரும்படி சொன்னதால் எழுதுகிறேன், ஐயா. பெயர் ராஜலிங்கம். சொந்த இடம் தெல்தோட்டைப் பக்கம் ஒரு தோட்டம். தொண்ணூற்றேழாம் ஆண்டு கண்டி டவுனில் ஜெஸீமா ராத்தாவின் கொமியூனிகேஷனில் வேலைக்குச் சேர்ந்தேன். வெளிநாட்டுக்குக் கோல் எடுக்கவும் பெக்ஸ் அனுப்பவும் ஆட்கள் வருகிற கடை அது. ராத்தா என்றால் முஸ்லிம் ஆட்களுக்கு அக்கா; நானும் அப்படியே கூப்பிட்டேன். ராத்தா ஒரு கம்ப்யூட்டரும் வாங்கி வைத்திருந்தார். அதைத் தொடுவதற்கு அவருக்குப் பயம். கரண்ட் அடிக்கும் என்று நினைத்தாரோ என்னவோ. ஆகவே அது என்னுடையது போலவே ஆகிவிட்டது.

அந்த நாட்களில் இன்டர்நெட்டில் செய்திக்குழுக்கள் என்று இருந்தன. ஊர்ச் சந்தி மாதிரி; யாரும் எதையும் எழுதிப் போடலாம், யாரும் வந்து வாசிக்கலாம். வெளிநாட்டுத் தமிழர்கள் அப்படி ஒன்றை நடத்தினார்கள். எழுத்து மட்டும் வந்தால் தொல்லையில்லை. படம் போட்டால்தான் சங்கடம். எங்களிடம் இருந்த புரோகிராமுக்குப் படம் காட்டத் தெரியாது. படம் வர வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் குறியும் கலந்த கிறுக்கல் பக்கம் பக்கமாக ஓடும். அநேகமாக எல்லா வரியும் எம் என்ற எழுத்தில்தான் தொடங்கும். பார்க்கிறவர்கள் குப்பை என்று அழித்துவிடுவார்கள்.

அது குப்பையில்லை என்று நான் கண்டுபிடித்தேன். பெரிய படமென்றால் அதை இரண்டு மூன்று துண்டாகப் பிரித்துப் போடுவார்கள். ஒவ்வொரு துண்டையும் எடுத்து வைத்து, மேலும் கீழும் உள்ள பெயர் விலாசங்களை வெட்டி, வரிசை பிசகாமல் ஒட்டி, வேறொரு சின்னப் புரோகிராமிடம் கொடுத்தால் படம் வெளியே வரும். முதல் துண்டு இல்லையென்றால் ஒன்றுமே வராது. கடைசித் துண்டு இல்லையென்றால் மேல்பக்கம் மட்டும் வந்து, மீதி சாம்பல் நிறமாக நிற்கும். டொரொன்டோவில் நடந்த கலியாணங்களை நான் இப்படித்தான் கண்டியிலுள்ள தாய்மாருக்குத் திறந்து காட்டினேன். அவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்க்கும் பார்வை எனக்குப் பிடித்திருந்தது. அதில் தப்பொன்றும் இல்லையே.

பத்மாதேவி டீச்சர் அப்படி வந்தவர்தான். யாழ்ப்பாணத்துக்காரர், கணவர் இல்லை, அம்பிட்டியவில் ஓர் அனெக்ஸில் வாடகைக்கு இருந்தார். ஒரே மகன் தயாபரன். தொண்ணூற்றாறில் ஒரு நாள் பின்னேரம் சந்தியில் பஸ்ஸால் இறங்கியதைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து சேரவில்லை. பொலிஸ், முகாம், கோர்ட் என்று டீச்சர் ஏறாத படியில்லை. எங்கும் அப்படி ஒருவர் இல்லை என்றார்கள்.

வெளிநாட்டு மனித உரிமைக் குழு ஒன்று அந்தச் செய்திக்குழுவில் படங்கள் போட்டுவந்தது. பெயர் பதியாமல் அடைத்து வைக்கப்பட்டிருந்தவர்களை உள்ளிருந்தே யாரோ எடுத்த படங்கள். தாயோ தகப்பனோ “இது என் பிள்ளை” என்று எழுதினால் அவர்கள் வக்கீல் பிடித்து வழக்குப் போடுவார்கள். யாரும் உரிமை கோராதவருக்கு ஒன்றும் செய்ய முடியாது. டீச்சர் மகனின் அடையாளங்களை அந்தக் குழுவுக்கு எங்கள் கடை விலாசத்திலிருந்துதான் அனுப்பினார். இங்கிலீஷில் டைப் அடித்தது நான்.

வெள்ளிக்கிழமைகளில் பள்ளிக்கூடம் விட்டதும் வருவார். “தம்பி, இண்டைக்கு ஏதும் வந்ததோ?”

“வந்திருக்கு டீச்சர். உக்காருங்க, தொறந்து காட்டுறேன்.”

படம் மேலிருந்து கீழே கொஞ்சம் கொஞ்சமாக விரியும்போது கதிரையின் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்வார். வேறு முகமாக இருக்கும். “இவன் இல்லை,” என்பார். கொஞ்சம் பொறுத்து, “இந்தப் பிள்ளைக்கும் ஒரு தாய் இருப்பா,” என்று கையெடுத்துக் கும்பிடுவார். போகும்போது பைக்குள்ளிருந்து ஒரு பார்சலை எடுத்து வைப்பார். இடியப்பம், சம்பல், சில நாளில் புட்டு. ஆறினாலும் ருசி கெடாத கை அவருக்கு.

என் தாயைப் பற்றிக் கேட்டீர்கள். எண்பத்து மூன்று கலவரத்தில் தோட்டத்தில் நாங்கள் இருந்த லயத்து வீடுகளைக் கொளுத்தினார்கள். அடுத்த வருடம் அப்பாவும் அம்மாவும் தங்கச்சியைத் தூக்கிக்கொண்டு இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். என்னை அத்தையிடம் விட்டு, அடுத்த கப்பலில் கூப்பிட்டுக்கொள்வதாகச் சொன்னார்கள். அடுத்த கப்பல் ஓடவில்லை. பிறகு கடிதமும் இல்லை. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. கேட்டதால் சொன்னேன்.

புத்தரின் பல்லை வைத்திருக்கும் தலதா மாளிகைக்கு முன்னால் புலிகளின் குண்டு வெடித்தது தொண்ணூற்றெட்டு ஜனவரியில். அதற்குப் பிறகு டவுனில் நாங்கள் தமிழில் பேசுவதையே நிறுத்திவிட்டோம். அந்த நாட்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை டீச்சர் வீட்டில் பல்ப் மாற்றிக்கொண்டிருந்தேன். பொலிஸ் வந்தது. ஒரு வயதான சார்ஜன்ட் என்னைக் காட்டி, “மேயா கவுத?” என்று கேட்டார். இவன் யார் என்று. டீச்சர் எனக்கு முன்னால் வந்து நின்றார்.

“மகே புத்தா,” என்றார். என் மகன்.

சார்ஜன்ட் டீச்சரின் முகத்தைப் பார்த்தார். அடையாள அட்டையைக்கூடக் கேட்காமல் போய்விட்டார். என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை, ஐயா. அன்றைக்கு டீச்சர் தயாபரனின் சட்டை ஒன்றை எடுத்துத் தந்தார். அளவு சரியாக இருந்தது. அம்மா என்று அன்றிலிருந்துதான் கூப்பிட்டேன்.

மார்ச்சில் அந்தப் படம் வந்தது. மூன்று துண்டில் இரண்டுதான் வந்திருந்தன. வெள்ளிக்கிழமை டீச்சரிடம், “ஒரு துண்டு இன்னும் வரல்லம்மா,” என்றேன். அது பொய்யில்லை. மூன்றாவது துண்டு திங்கட்கிழமைதான் வந்தது.

“அடுத்த கிழமை வருமோ?”

“சொல்ல ஏலாதும்மா. சிலது வராமலே போயிரும்.”

அதுவும் பொய்யில்லை. ஆனால் இரண்டு துண்டை வைத்தே நான் முன்பே திறந்து பார்த்திருந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். முடி, நெற்றி, இடது புருவத்தை அறுத்துப்போகிற தழும்பு, கண். அதற்குக் கீழே சாம்பல் நிறம். டீச்சரின் மணிபர்சில் இருந்த மகனின் படத்தை எத்தனையோ தரம் பார்த்தவன் நான். மூன்றாவது துண்டு வந்தபோது மீதியையும் பார்த்தேன். சீமெந்துத் தரையில் காலை மடக்கி உட்கார்ந்திருந்தான். மெலிந்திருந்தான். உயிரோடு இருந்தான்.

ராத்தாவுக்கு விஷயம் தெரியாது. ஆனாலும் ஒரு நாள் சொன்னார்: “லிங்கம், டீச்சர்ட புள்ளட படம் வந்தா ஒளிக்காமக் காட்டுங்க. மவுத்தாகி இருந்தாலும் காட்டுங்க. தெரியாம ஈக்கிறதுதான் பெரிய வேதன.”

ராத்தா சொன்னது நியாயம்தான். ஆனால் தயாபரன் மவுத்தாகவில்லையே. இறந்திருந்தால் அன்றே காட்டியிருப்பேன். கூடவே இருந்து அழுதிருப்பேன்.

டீச்சரின் தம்பி கனடாவில் இருந்தார். “தயா வெளியில வந்தால் அடுத்த பிளேனிலயே கூட்டிக்கொண்டு போயிடுவன்,” என்று டீச்சர் ஒரு முறை சொல்லியிருந்தார். “நீயும் ஒருக்கால் வந்து எங்களைப் பாக்கோணும், என்ன?” எங்களை என்ற, நான் சேராத அந்தச் சொல்லை மனதில் வைத்துக்கொண்டு பல நாள் நடமாடினேன். இன்னொன்றும் யோசித்தேன். குண்டு வெடித்த சூடு ஆறவில்லை. இந்த நேரத்தில் வழக்கு, கோர்ட் என்று போனால் டீச்சரையும் பிடித்துப் போடமாட்டார்கள் என்று யார் சொல்ல முடியும்? அவருடைய பாதுகாப்பையும் நான்தானே பார்க்க வேண்டியிருந்தது.

பிறகு அந்தக் குழுவே எழுதிக் கேட்டது. நீங்கள் தந்த அடையாளத்தோடு ஒரு படம் ஒத்துப்போகிறது, இது உங்கள் மகன்தானா, மாத முடிவுக்குள் உறுதி செய்யுங்கள் என்று. மழையில்லாத நாள் அது. தொடர்பு நன்றாக இருந்தது. “இவர் என் மகன் இல்லை,” என்று ஒரே வரி எழுதி, கீழே பத்மாதேவி என்று போட்டு அனுப்பினேன். கம்ப்யூட்டரிலிருந்த மூன்று துண்டையும் அழித்தேன்.

நேற்று நீங்கள் மேசையில் வைத்த பதில் அதுதான், ஐயா. தாயே மகனை மறுத்துவிட்டார் என்று உங்கள் பைலில் இருக்கிறது. அதைத் திருத்த வேண்டும். டீச்சர் மேல் அப்படி ஒரு பழி நிற்பதைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு மனம் வராது. அதற்காகத்தான் இவ்வளவையும் எழுதுகிறேன்.

அந்தத் தொகுதிப் படங்களில் இருந்தவர்களில் உறவுக்காரர் எழுதிய சிலர் வெளியே வந்ததாகச் சொன்னீர்கள். அவர்களில் ஒருவர் தயாபரனோடு ஒரே அறையில் இருந்தவராம். “உன் அம்மாவே நீ அவர் மகன் இல்லை என்று எழுதிவிட்டார்” என்று, உள்ளிருந்து படம் எடுத்தவர் தயாபரனிடம் சொன்னாராம். அதற்குப் பிறகு அவன் யாரோடும் பேசவில்லை, சாப்பாட்டையும் தள்ளிவிட்டான், ஒரு நாள் அடைத்து வைத்திருந்தவர்கள் கூட்டிப்போனார்கள், திரும்பி வரவில்லை என்று அவர் உங்களிடம் சொல்லியிருக்கிறார். இது எனக்குத் தெரியாது. தெரிந்திருக்க வழியுமில்லை. நேற்று வீட்டுக்குப் போய் எனக்குச் சோறு இறங்கவில்லை. துக்கமாகத்தான் இருக்கிறது. அவனை எனக்கு ஒரு சகோதரன் மாதிரித்தான் தெரியும்.

டீச்சர் வெள்ளிக்கிழமைகளில் வருவதை நிறுத்தவில்லை. செய்திக்குழு ஓய்ந்த பிறகும் வந்தார். ராத்தா கடையை மூடியபின் நான் அம்பிட்டியவுக்கே குடிபோனேன். கனடாவிலிருந்து தம்பி வரச்சொல்லிக் கெஞ்சினார். “அவன் வந்து கதவைத் தட்டினால் ஆர் திறக்கிறது?” என்று டீச்சர் மறுத்துவிட்டார். யுத்தம் முடிந்து முகாம்களிலிருந்து ஆட்களை விட்டபோது, பஸ்ஸேறிப் போய் வாசல்களில் மகனின் படத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். குடை பிடித்தபடி பக்கத்தில் நின்றவன் நான். நடக்க முடியாமல் போனபோது தூக்கிக் குளிப்பாட்டியதும் நான்தான். பெற்ற பிள்ளைகளே எத்தனை பேர் இதைச் செய்கிறார்கள்?

ஆஸ்பத்திரியில் கடைசி நாள் அவருக்குக் கண் தெரியவில்லை. கையை நீட்டி என் முகத்தைத் தடவினார். புருவத்தில் விரல் நின்றது. எதையோ தேடிக்கொண்டிருந்தது.

“தயா, வந்திட்டியோ?”

மலைநாட்டுக்காரன் நான். ஆனாலும் அத்தனை வருடம் கேட்ட பேச்சு.

“ஓம் அம்மா. வந்திட்டன்.”

“ஏன் ராசா இவ்வளவு நேரம்?”

கையைப் பிடித்துக்கொண்டேன். அப்படியே அடங்கிவிட்டார்.

கொள்ளி வைத்தது நான்தான், ஐயா. தயாபரன் வந்திருந்தாலும் இதைவிட என்ன செய்திருப்பான்? மகன் இல்லாத குறையை நான் அவருக்கு வைக்கவில்லை.