பாசிக்குப் பசிக்கும்

எனக்குச் செடி கொடி வளர்ப்பதிலெல்லாம் பெரிய ஆர்வம் கிடையாது இன்ஸ்பெக்டர் ஐயா. வெட்டியாகச் சுற்றிக்கொண்டிருந்த என்னை, அக்கா வீட்டுக்காரர்தான் தன் ஆராய்ச்சிக்கூடத்தில் தொட்டி துடைக்கும் வேலையில் சேர்த்துவிட்டார். எனக்கும் அறிவியலுக்கும் உள்ள உறவு அவ்வளவுதான்.

ஊர்க் குழாயில் வருவதெல்லாம் உப்புத் தண்ணீர். அதைக் கண்ணாடித் தொட்டியில் நிரப்பிப் பச்சைப் பாசியை விட்டிருந்தார் அத்தான். பாசி உப்பை இழுத்துக்கொள்ளும், தண்ணீர் குடிக்கிற பதத்துக்கு வந்துவிடும் என்று விளக்கினார். நல்ல யோசனை என்றேன். அப்புறம் பாசி என்ன ஆகும் என்று கேட்டேன். வழித்தெடுத்துக் காயவைத்து எரித்துவிடுவோம் என்றார், வாயில் பிஸ்கட்டோடு.

நெஞ்சில் ஈரமுள்ள எவனும் என்ன செய்வான்? பாசி உப்பிழுக்கும் வேலை முடியாமல் பார்த்துக்கொள்வான். மறுநாள் துடைக்கப் போகும்போது வீட்டு ஜாடியிலிருந்து ஒரு கை உப்பு எடுத்துப்போய்ப் போட்டேன். பாசி இன்னும் கொஞ்சம் பச்சையானது போலிருந்தது. எனக்கு மனசு நிறைந்துவிட்டது. ஒரு கை பாக்கெட்டானது, பாக்கெட் மூட்டையானது. வளரும் வயதல்லவா.

அத்தான் பாதியாக இளைத்துவிட்டார். உப்பு குறையவில்லை என்றால் திட்டத்தையே மூடிவிடுவோம் என்று மேலிடம் கெடு வைத்திருந்தது. அளக்கும் கருவியை மாற்றினார், மறுபடியும் மாற்றினார். அக்காவின் மடியில் படுத்து அழுதாராம். எனக்கும் வருத்தம்தான். ஆனால் அவர் கண்ணைத் துடைக்க அக்கா இருக்கிறாள், பாசிக்கு யார் இருக்கிறார்கள்?

கடைசியில் மூட்டையும் கையுமாக என்னைப் பிடித்தார். "நீ சோத்துல உப்பு போட்டுத்தானே திங்கற?" என்று மட்டும் கேட்டார்.

"இல்ல அத்தான். வீட்டு உப்பும் இங்கதான வருது," என்றேன். பொய் சொல்லும் பழக்கம் எனக்கில்லை.

திட்டத்தை மூடிவிட்டார்கள். ஊருக்கு இனியும் உப்புத் தண்ணீர்தான், அத்தானுக்கு வேலையும் இல்லை. பாசி வெளுத்துப்போய் அடியில் படிந்து கிடக்கிறது, உப்பு தாங்காமல் அழுகிச் செத்துவிட்டது, கொன்றது நான்தான் என்று நீங்கள் சொல்கிறீர்கள். உப்பு போட்டது நான்தான், ஒப்புக்கொள்கிறேன். செத்துவிட்டது என்று மட்டும் சொல்லாதீர்கள். வயிறு முட்டச் சாப்பிட்ட பிள்ளை அசந்து தூங்குகிறது. எழுந்தால் பசிக்கும், அதற்குள் என்னை விட்டுவிடுங்கள்.