நாலாவது தட்டைப் பார்த்த பில் கலெக்டர்

மேடையில் அமர்ந்திருக்கும் ஓய்வுபெற்ற பணியாளர் சங்கத் தலைவர் அமீர் ஹம்சா அவர்களே, தந்தையைப் பறிகொடுத்துக் கலங்கி நிற்கும் தம்பி தீபக் அவர்களே, உக்கடத்திலிருந்தும் செல்வபுரத்திலிருந்தும் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்திருக்கும் தாய்மார்களே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

என் பெயர் காளிச்சாமி. மறைந்த பெரியவர் சுந்தரராஜுலு அவர்களோடு மாநகராட்சி வரி வசூல் பிரிவில், பக்கத்து மேசையில், இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்தவன். எனக்கு மேடைப் பேச்சு வராது. சண்டை போடத்தான் வரும். அவர் மட்டும் இங்கே இருந்திருந்தால், "சுருக்கா முடிங்க காளிச்சாமி, காப்பி ஆறிப்போகுது" என்றிருப்பார்.

பில் கலெக்டரை ஊரில் யாருக்குப் பிடிக்கும்? நான் தெருவில் நுழைந்தால் கதவு சாத்துவார்கள். அவர் நுழைந்தால் நாற்காலி எடுத்துப் போடுவார்கள்! ஏன் அப்படி? நான் வீட்டின் அளவைப் பார்த்தேன். அவர் வீட்டுக்குள் இருந்தவர்களைப் பார்த்தார்.

அதோ, மூன்றாவது வரிசையில் அம்புஜம் அம்மா இருக்கிறார். பக்கத்தில் அவர் மகன் மிதுன். பதினைந்து வருடத்துக்கு முன்னால் வீட்டு வரி நோட்டீஸ் கொடுக்க அவர்கள் வீட்டுக்குப் போனார் நம் பெரியவர்.

"ஏனுங்க அம்மணி, ஊட்டுல எத்தன பேருங்க?"

"மூணு பேருங்க."

"கழுவிக் கவுத்தது நாலு தட்டா இருக்குதுங்களே?"

அந்தம்மா அப்படியே உட்கார்ந்து அழுதுவிட்டார். பின்கட்டில், தாழ் போட்ட அறைக்குள் இருந்தான் மிதுன். அப்போது அவனுக்கு ஒன்பது வயது. பிறந்ததிலிருந்தே கடுமையான மனவளர்ச்சிக் குறைபாடு. இப்படிப்பட்டவர்களைப் பராமரிக்க அரசு மாதம் உதவித்தொகை தருகிறது என்று அந்த வீட்டுக்கு அதுவரை யாரும் போய்ச் சொன்னதில்லை. மருத்துவர் சான்றிதழ் வேண்டும் என்று முகாமுக்கு அவரே கூட்டிப்போனார்.

அங்கே என்ன நடந்தது தெரியுமா? அம்புஜம் அம்மா மகனுக்குப் புதுச் சட்டை மாட்டி, பவுடர் பூசி, தலை சீவிக் கொண்டுவந்திருந்தார். டாக்டர் கேட்டார், "பையன் தானாச் சாப்பிடுவானா?" "ஓ, சாப்பிடுவானுங்க." "துணி மாத்திக்குவானா?" "ஜம்முனு மாத்திக்குவானுங்க." நம்ம ஊர்ப் பழக்கம் அது! வெளியாள் முன்னால் நம்ம பிள்ளையைக் குறைத்துச் சொல்ல நமக்கு வாய் வராது. டாக்டர் நாம் சொன்னதைத்தானே எழுதுவார்? குறைபாடு லேசானது என்று சான்றிதழ் வந்தது. மனு திரும்பி வந்துவிட்டது.

நானாக இருந்தால் சத்தம் போட்டிருப்பேன். அவர் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கொடுத்தார். "காலைல எந்திரிச்சதுல இருந்து படுக்கற வரைக்கும் பையனுக்கு நீங்க என்னென்ன செய்யறீங்களோ, ஒண்ணு உடாம எழுதுங்க அம்மணி. பெருமைக்கு எழுதாதீங்க. உள்ளத எழுதுங்க." ஒரே நாளைக்கு ஒன்பது பக்கம் வந்தது! அடுத்த முகாமில் அந்த நோட்டைத்தான் டாக்டரிடம் நீட்டினார். உதவித்தொகை வந்தது. பின்கட்டுத் தாழ்ப்பாளையும் கழற்றி எறிந்தார்கள்.

அன்றிலிருந்து எத்தனை வீடுகள்! எத்தனை நோட்டுகள்! இப்படிப்பட்டவர்களை வைத்துப் பார்த்துக்கொள்ளும் வீடுகளுக்கு வீட்டு வரியில் சலுகை வேண்டும் என்று வருடம் தவறாமல் மனுவும் எழுதினார். வரி வசூலிக்கிறவரே வரியைக் குறைக்கச் சொல்லி மனுப் போட்ட கூத்தை வேறெங்காவது கேட்டிருக்கிறீர்களா? நாங்கள் கேலி பேசுவோம். "வரியை நானே போய் வாங்கறேனுங்க, குறைக்கச் சொல்ல எனக்கென்ன கூச்சம்?" என்று சிரிப்பார். அந்தச் சலுகை இன்னும் வரவில்லை. மனு எழுதிய கை போய்விட்டது.

போன வியாழக்கிழமை காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் டவுன் பஸ்ஸுக்கு நின்றவர் அப்படியே சரிந்தார். தோளில் தொங்கிய பையை மறுநாள் தீபக் திறந்து பார்த்துவிட்டு, நேராக என் வீட்டுக்கு வந்தார். "மாமா, இது உங்களுதுங்க" என்று ஒரு நோட்டையும் ஒரு விண்ணப்பத்தையும் கொடுத்தார்.

நோட்டில் இருந்தது என் மனைவி குழந்தையம்மாளின் கையெழுத்து.

பெரியோர்களே, இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் சொல்லியே தீருவேன். எனக்கு ஒரு தங்கை உண்டு. பெயர் காளியாத்தாள். வயது ஐம்பத்துநாலு. மிதுனைப் போலத்தான் அவளும். பக்கத்து மேசையில் இருபத்திரண்டு வருடம் இருந்தவரிடம், "ஊட்டுல நானும் எம் பொண்டாட்டியும் ரெண்டே பேருதானுங்க" என்று புளுகியவன் நான். அவர் ஒருநாளும் என்னைத் திருப்பிக் கேட்டதில்லை.

மனைவியைக் கேட்டேன். "மூணு வருசமா வாராருங்க, நீங்க இல்லாத நேரமாப் பாத்து. காளியாத்தாளுக்குத் திங்க வர்க்கி வாங்கியாருவாரு. உங்ககிட்டச் சொன்னா ஊட்டுப் பக்கமே வரவேண்டாம்னு சொல்லிப்போடுவீங்கன்னு நாந்தான் சொல்லல" என்றாள்.

அந்த நோட்டிலிருந்து நாலு வரி படிக்கிறேன். "காலைல அஞ்சு மணி. பல்லு வெளக்கி உட்டேன், வெரலக் கடிச்சுப்போட்டா. மத்தியானம் சோறு ஊட்ட ஒரு மணி நேரம் ஆச்சு. இன்னைக்குக் கொடுமுடில எங்கண்ணன் மக கல்யாணம். அவரு மட்டும் போயிருக்காரு."

அந்தக் கல்யாணத்தில் குழந்தையம்மாள் எங்கே என்று எல்லோரும் கேட்டார்கள். அவளுக்குக் காய்ச்சல் என்றேன். மூன்று பந்தி பார்த்துவிட்டு வந்தேன். என் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு அவள் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். நான் என்ன மனுசன்!

விண்ணப்பம் முழுவதையும் பெரியவர் நிரப்பி வைத்திருக்கிறார். உடன்பிறந்தவன் கையெழுத்துப் போடும் இடம் மட்டும் காலி. ஓரத்தில் பென்சிலில் எழுதியிருக்கிறார்: "காளிச்சாமி அவராகவே போடட்டும்." நான் மனம் மாறும்வரை எனக்காகக் காத்திருந்தவர் அவர். நான் போடாத அந்தக் கையெழுத்தால் கஷ்டப்பட்டவள் குழந்தையம்மாள்.

இன்று காலை போட்டுவிட்டேன். புதன்கிழமை முகாமுக்கு நானே காளியாத்தாளைக் கூட்டிப்போகிறேன். டாக்டர் கேட்டால் உள்ளதை உள்ளபடி சொல்லுவேன். இந்த வருடத்து வரிச் சலுகை மனுவை நான் எழுதுகிறேன். முதல் வீடாக என் வீட்டு விலாசம் இருக்கும். பெரியவர் போய்க்கொண்டிருந்த வீடுகளுக்கு இனி நான் போவேன். முன்கோபக்காரன் வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கதவை மட்டும் சாத்திவிடாதீர்கள்.

இப்போது பெரியவர் சுந்தரராஜுலு அவர்களுக்காக எல்லோரும் எழுந்து ஒரு நிமிடம் மௌனமாக நிற்போம். முன்வரிசையில், குழந்தையம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு, பச்சைச் சேலையில் இருப்பவள்தான் என் தங்கை. அவளுக்கு மௌனம் தெரியாது. வர்க்கி கொண்டுவரும் மாமா எங்கே என்று சத்தமாகக் கேட்பாள். தயவுசெய்து அவளை யாரும் அடக்காதீர்கள். இத்தனை வருடம் நான் அடக்கியது போதும்.