ஏலக்காய் டப்பாவில் போன பிளாப்பி

எண்பதுகளின் கடைசியில் ஒரு காலை. போடியிலிருந்து தேனி போகும் பேருந்தில், முன் இருக்கைப் பெண் விமானத் தபால் ஒன்றைத் தன் அண்ணன் முகத்துக்கு நேரே ஆட்டினாள். ஆரன் சத்தத்தையும் மீறி அவள் குரல் கேட்டது.

“அமெரிக்காக்காரகளே எறங்கி வந்துட்டாகண்ணே!”

“எதுக்குத்தா?”

“அவுக இலவசமாக் குடுக்குற புரோகிராம், எங்க ஏலக்காய்க் கம்பெனி கம்ப்யூட்டர்ல ஓடாது. எங்க மெசினோட ஆப்பரேட்டிங் சிஸ்டமே வேற மாதிரி. அவுக புதுசா அனுப்புறப்பல்லாம் எங்க மெசினுக்கு ஏத்தாப்ல நான் மாத்தி மாத்திச் சாகணும். அதான், என் மாத்தத்த நீங்களே சேத்துக்கங்கன்னு கேட்டேன்.”

“மொதல்ல முடியாதுன்னாகளே?”

“அப்ப நான் சும்மா இருக்காம, அவுக எழுதுன வரிகளையும் சேத்து அழகுபடுத்தி அனுப்பிட்டேன். கோவிச்சுக்கிட்டாக. இந்தத் தடவ மாத்துன வரிய மட்டும் பிளாப்பில போட்டு, மடங்கிராம ஏலக்காய் டப்பால வச்சு அனுப்புனேன். ‘பிளாப்பி மணக்குது, சேத்துக்கிட்டோம்’னு எழுதிருக்காக.”

“சரி, அதுல உனக்கென்ன லாபம்?”

“இனிமே நான் கை வைக்கவே வேணாம்ணே. அவுக எத எழுதுனாலும், போடி மெசின்ல ஓடுதான்னு யோசிச்சுட்டுத்தான் வெளிய விடணும்!”