ஹெஸ்கேல் ஐயாவோட சாட்சி

ரங்கூன்லேருந்து ஆத்தத் தாண்டி இந்த டாலா வரைக்கும் வந்திருக்கீங்களே, இப்படிப் பாய்ல உக்காருங்க. ஆமாங்க, ஹெஸ்கேல் ஐயாவ நல்லாத் தெரியும். யூதருங்கள்லயே அவர மாதிரி வேதம் படிச்சவரு இல்லைன்னு பத்திரிகையில எழுதப் போறீங்களா? எழுதுங்க. எந் தங்கச்சி வேலம்மா கதையையும் சேத்து எழுதுங்க.

ஜெர்மன்காரனோட நடந்த பெரிய சண்டை முடிஞ்ச சமயம். ஐயா சம்சாரம் வாதத்துல படுத்துட்டாங்க. பாத்துக்கப் போனவ வேலம்மா. கூடத்துல ஐயா இந்துஸ்தானியில பாடம் நடத்துவாரு. ஆபிரகாம் கூடாரத்துக்கு நாலு பக்கமும் வாசலாம். எந்தத் திக்குலேருந்து வந்தாலும் சுத்திக்கிட்டு வர வேண்டாமாம். எந்தச் சாதியில பொறந்தா என்ன, மனசார வந்தவன் ஆண்டவனுக்குப் புள்ளதான்னு சொல்வாரு. அதையே ஒரு புஸ்தகமாவும் எழுதிக்கிட்டிருந்தாரு. அந்த அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கிட்டே இவ கேட்டிருக்கா. உள்ள எறங்கிருச்சு. ஒரு நா நேராப் போயி, உங்க மார்க்கத்துக்கு நானும் வரலாமான்னு கேட்டுட்டா. ஐயா கண்ணு கலங்கி, நான் எழுதுனதுக்கு நீதாம்மா சாட்சின்னாராம். அவரே ஜெபமெல்லாம் சொல்லிக் குடுத்தாரு.

எங்கப்பா கப்பல் துறையில மூட்டை தூக்குனவரு. விசயம் தெரிஞ்சதும் அவளத் தலை முழுகிட்டாரு. அப்பவும் அவ கலங்கல. ஐயா இருக்காருன்னு சொன்னா.

சேத்துக்கிட்டாங்களாவா? இல்லைங்க, சேக்கல. அதத்தானே சொல்ல வர்றேன். யூதக்கோயில் பெரியவங்க கூடுனாங்க, எல்லாம் பாக்தாத்துலேருந்து வந்து குடியேறுனவங்க. கூலிக்காரன் மகளச் சேத்தா பாக்தாத் சொந்தக்காரங்க நம்ம வூட்டுல பொண்ணெடுக்க மாட்டாங்கன்னு ஒருத்தர் எந்திரிச்சாரு. எல்லாரும் ஐயாவப் பாத்தாங்க. நான் படியில நிக்கிறேன், இவ நடுவுல புதுச் சேலையில நிக்கிறா. ஐயா தாடியத் தடவிக்கிட்டு மெதுவாச் சொன்னாரு. நான் எழுதுனது உலகம் முடியுற காலத்தப் பத்தி, இந்தப் பொண்ணுக்கு நான் ஒண்ணும் வாக்குக் குடுக்கலன்னு.

அவ மூஞ்சியக்கூடப் பாக்காம சொன்னாருங்க.

அவ அழுவல. கையெடுத்துக் கும்புட்டுட்டு வெளிய வந்தா. படகுல வர்றப்ப, அவரு பயந்துட்டாரு அக்கான்னு சொன்னா, அவ்வளவுதான். நாந்தான் தாங்க மாட்டாம வழி நெடுக அந்த மனுசன ஏசிக்கிட்டு வந்தேன். நம்பி வந்த பொண்ண நட்டாத்துல விட்டவரு, அப்புறம்தான் அந்தப் புஸ்தகத்தால பேரு வாங்குனாரு. போன மழைக்காலத்துல செத்தாரு. கூட்டம் தாங்கலன்னாங்க. நான் போவல.

வேலம்மாவா? உள்ளதான் இருக்கா. இப்பக் கூப்புட முடியாதுங்க, கோவிச்சுக்காதீங்க. வெள்ளிக்கிழமை, பொழுது எறங்குதுல்ல? யூதருங்களுக்கு ஓய்வுநாள் தொடங்குற நேரம். ரெண்டு வெளக்கு ஏத்திட்டு எருசலேம் இருக்குற மேக்குத் திக்கப் பாத்து அவங்க பாசையில ஜெபம் சொல்லிக்கிட்டிருக்கா. ஒரு வாரம் விட்டதில்ல. தெருவுல எல்லாரும் லச்சுமி வெளக்குன்னு நெனச்சுக்கிட்டிருக்காங்க. நானும் அப்படியே விட்டுட்டேன்.