611-க்கு அப்புறம் 614

கோடை லீவைக் கண்டுபிடிச்ச மனுஷன் வீட்ல வயசுப் பிள்ளைங்க இருந்திருக்க மாட்டாங்க, டீச்சர். இருந்திருந்தா ரெண்டு மாசம் விட்டிருப்பாரா? உக்காருங்க. அந்த நாற்காலி ஆடும், இதுல உக்காருங்க. ஃபேனை உங்க பக்கம் திருப்பி வைக்கிறேன். என் பெரியவ வர ஆறரை ஆகும், அவ வேலை பார்க்கிற கண்ணாடிக் கடையில சாயங்காலம்தான் கூட்டம். அதுக்குள்ள நாம பேசி முடிச்சிடலாம்.

உங்க கையில இருக்கிற அந்த ஒப்புகை அட்டையைப் பார்த்ததுமே புரிஞ்சுபோச்சு. பதிவுத் தபாலை வாங்கிக்கிட்டதுக்குப் போட்ட கையெழுத்து என்னோடதுதான். இல்லைன்னு சொல்லப்போறதில்ல. தபால் அனுப்பின நிறுவனத்துக்காரங்க அதுக்கு நகல் எடுத்து உங்களுக்கு அனுப்பற அளவுக்கு நீங்க விடாம எழுதிக் கேட்டிருக்கீங்களே, அதை நினைச்சா எனக்கே மரியாதையா இருக்கு. ஆனா எடுத்த எடுப்புல தபால் விஷயத்தைச் சொன்னா உங்களுக்குத் தப்பாப் படும். முதல்லேர்ந்து சொல்றேன்.

நான் நூலகத்துல பழுது பார்க்கிற ரூம்ல வேலை செய்யறேன், தெரியும்ல? கிழிஞ்ச பக்கம், பிரிஞ்ச தையல், முதுகு உடைஞ்ச புத்தகம் எல்லாம் எங்கிட்டதான் வரும். பத்தொன்பது வருஷமா பசையும் பிரஷ்ஷும்தான். குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு போச்சு. வீட்டுக்கு வந்தா இங்கயும் குனியற வேலைதான். வீட்டுக்காரர் பஸ் ஓட்டறவர். நாள் முழுக்க ஹாரன் கேட்டுட்டு வர்றதால வீட்ல யார் குரலும் அவருக்கு ஆகாது. சின்னவனுக்குப் பதினஞ்சு வயசு, காதுல எதையாவது செருகிக்கிட்டு கதவைச் சாத்திப்பான். "சாப்பிட வாடா"ன்னா "ம்", "சாப்பிட்டியாடா"ன்னாலும் "ம்". மிச்சம் இருக்கறது பெரியவ. அவ ஒருத்திதான் இந்த வீட்ல என்கூட முழு வாக்கியம் பேசறவ.

பிள்ளைங்க லீவுல சும்மா கிடந்தா வீடு சந்தைக்கடை ஆயிடும்னு, அவங்க சின்ன வயசுலேர்ந்தே ஒரு ஏற்பாடு பண்ணேன். லீவுக்கு ஆளுக்கு ஆறு புத்தகம். படிக்காமலே படிச்சேன்னு புளுகக் கூடாதுல்ல? அதுக்காக உள்ள எங்கயாவது ஒரு துண்டுச் சீட்டு வைப்பேன். "இன்னிக்கு உனக்குப் பாத்திரம் கழுவ வேண்டாம்"னு எழுதியிருக்கும். கண்டுபிடிச்சவங்களுக்கு அன்னிக்கு விடுதலை. பிள்ளைங்க அதுக்கு "கண்ணி"ன்னு பேர் வச்சுட்டாங்க. "அம்மா எந்தப் புத்தகத்துல கண்ணி வச்சிருக்கான்னு தெரியலையே"ன்னு ரெண்டும் குசுகுசுன்னு பேசிக்கும். அந்தக் காலத்துல வீடு நல்லா இருந்துச்சு டீச்சர்.

சின்னவன் கில்லாடி. புத்தகத்தைத் தலைகீழாப் பிடிச்சு ரெண்டு உதறு உதறுவான், சீட்டு கீழ விழும், பாத்திரத்துலேர்ந்து தப்பிச்சிடுவான். ஒரு வரி படிச்சிருக்க மாட்டான். சரிடா மகனேன்னு நானும் தொழிலைக் காட்டினேன். சீட்டை ரெண்டு தாளுக்கு நடுவுல வச்சு, தாளோட மூணு ஓரத்துலயும் மெல்லிசா மாவுப் பசை தடவி ஒட்டிடுவேன். உதறினா விழாது, புரட்டினாலும் தெரியாது. வரி வரியாப் படிச்சிட்டு வர்றவங்களுக்கு மட்டும்தான் கதை திடீர்னு குதிக்கிறது தெரியும். பக்க எண்ணைப் பார்த்தா நடுவுல ரெண்டு காணாமப் போயிருக்கும்.

இதுல ஒரே ஒரு சட்டம். ஒட்டின பக்கத்தை அவங்க பிரிக்கக் கூடாது. நூலகத்துப் புத்தகம், அவசரத்துல கிழிச்சு வச்சா என் வேலைக்கு உலை. கண்டுபிடிச்சா எங்கிட்ட கொண்டு வரணும், நான் ஈரத்துணி வச்சுப் பதமாப் பிரிச்சுக் கொடுப்பேன். சின்னவன் அந்த வருஷத்தோட ஆட்டத்தை விட்டுட்டான். "போம்மா, நான் பாத்திரமே கழுவிக்கிறேன்"னுட்டான். பெரியவ விடல. பதினெட்டு வயசுலயும் புத்தகத்தைத் தூக்கிட்டு வந்து, "மா, மாட்டிக்கிச்சு, பிரிச்சுக் கொடு"ன்னு நிப்பா. பிரிக்கிற வரைக்கும் பக்கத்துலயே உக்காந்து கதை சொல்லுவா. எனக்கு அந்தக் கால் மணி நேரத்துக்காகத்தான் இந்த ஏற்பாடே நடந்துச்சுன்னு வச்சுக்கோங்களேன்.

நீங்க அவளுக்குப் புவியியல் சொல்லிக் கொடுத்தீங்க. நல்ல டீச்சர் நீங்க, குறை சொல்லல. அந்த வரைபட நிறுவனத்துக்கு விண்ணப்பம் போடச் சொன்னதும் நீங்க, சிபாரிசுக் கடிதம் எழுதினதும் நீங்க. ரயில்ல ரெண்டு நாள் தூரம். நாலு வருஷம் அங்கயே தங்கிப் படிக்கணும், அதுக்கப்புறம் மலை, பாலைவனம்னு எங்க அளக்கச் சொல்றாங்களோ அங்க போகணும். அவ அதைச் சொல்லும்போது கண்ணு எப்படி மின்னும்னு உங்களுக்கே தெரியும். வருஷத்துக்கு இருபது பேரைத்தான் எடுப்பாங்களாம். இந்தக் காலத்துலயும் எல்லாம் தபால்லதான், போன்ல கேட்டா சொல்ல மாட்டாங்களாம். எனக்கு அப்பவே தோணிச்சு, இவ்வளவு பழைய இடத்துல போய் என்னத்தைப் படிக்கப்போறான்னு.

தபால் வந்த அன்னிக்கு எனக்கு இடுப்பு வலி, லீவு போட்டு வீட்ல படுத்திருந்தேன். அவ உங்க ஸ்கூலுக்குத்தான் வந்திருந்தா, சான்றிதழ் வாங்கறதுக்கு. வழக்கமா வர்றவருக்குப் பதிலா அன்னிக்கு வந்த தபால்காரர் கூப்பிட்டாரு, எழுந்து போய்க் கையெழுத்துப் போட்டேன். பிரிச்சுப் பார்த்தேன். அவளை எடுத்திருந்தாங்க. இருபது நாளைக்குள்ள ஒப்புதல் படிவத்தைப் பூர்த்தி பண்ணி அனுப்பணும்னு இருந்துச்சு. ரெண்டே தாள், மெல்லிசு.

எனக்கு அழுகை வந்துச்சு டீச்சர். சந்தோஷத்துலதான்னு நினைச்சுக்கிட்டேன்.

அப்பத்தான் ஒண்ணு தோணிச்சு. சும்மா கையில கொடுத்தா என்ன சுவாரஸ்யம்? இவ்வளவு வருஷமா பாத்திரச் சீட்டு வச்சவ, கடைசியா ஒரு பெரிய கண்ணியா வைப்போம், அவளே படிச்சுக் கண்டுபிடிக்கட்டும்னு நினைச்சேன். அந்த வாரம் ஒரு தடி நாவல் என் மேசைக்கு வந்திருந்துச்சு, ஒரு குடும்பத்தோட மூணு தலைமுறைக் கதை. தையலைச் சரி பண்ணி வீட்டுக்கு எடுத்துட்டு வந்திருந்தேன். அதுல வச்சேன். 612-க்கும் 613-க்கும் நடுவுல. மொத்தம் 640 பக்கம். முன்னாடியே வச்சிருக்கலாமேன்னு கேப்பீங்க. முன்னாடி இருந்தா மெத்தையா உப்பித் தெரியும், பின்னாடின்னா அட்டையோட கனத்துல தெரியாது. இது தொழில் விஷயம், உங்களுக்குப் புரியாது.

நல்லா யோசிச்சுப் பாருங்க, நான் எதையும் ஒளிக்கல. அவ கையிலயே கொடுத்திருக்கேன். "இந்த லீவுக்கு இதைப் படி"ன்னு சொல்லித்தான் கொடுத்தேன். அதைப் படிக்கப் பொறுமை இல்லாத பிள்ளை, நாலு வருஷம் முன்பின் தெரியாத ஊர்ல எப்படித் தாக்குப்பிடிக்கும்? படிச்சா போகட்டும், படிக்கலைன்னா இருக்கட்டும்னு விட்டேன். இதைவிட நியாயமா ஒரு தாய் நடந்துக்க முடியுமா, நீங்களே சொல்லுங்க.

அவ தினமும் பத்து மணிக்கு வாசப்படியில போய் உக்காந்துப்பா. தபால்காரர் வர்ற நேரம். மடியில அந்தப் புத்தகம். அவர் சைக்கிள் திரும்பற வரைக்கும் படிப்பா, திரும்பினதும் தலையைத் தூக்குவா, அவர் கையை விரிச்சதும் மறுபடியும் குனிஞ்சு படிப்பா. நான் உள்ள காய் நறுக்கிக்கிட்டே பார்ப்பேன். எதுக்காகக் காத்துக்கிட்டிருக்காளோ அது அவ மடியிலயே கிடக்குது. பார்க்கச் சங்கடமாத்தான் இருந்துச்சு. நாலஞ்சு தடவை கூப்பிட்டுச் சொல்லிடலாமான்னு வாய் வரைக்கும் வந்துச்சு. அப்புறம், ஆட்டத்தோட நடுவுல விடையைச் சொல்றது அவளை அவமானப்படுத்தற காரியம்னு விட்டுட்டேன்.

நடுவுல ஒரு நாள் அந்த நிறுவனத்துக்கு போன் பண்ணிக் கேட்டா. "எடுத்தவங்களுக்குத் தபால் போயாச்சு, வரலைன்னா இல்லைன்னு அர்த்தம்"னு எவனோ சொல்லி வச்சுட்டான். அவங்க செஞ்ச தப்புக்கு நான் பொறுப்பில்ல.

நீங்க என்னையே பார்க்கறீங்க. தண்ணி குடிங்க.

சரி. அவ படிச்சாளா இல்லையான்னு கேக்கறீங்க. பாதியில விட்டுட்டான்னுதான் அவங்க அப்பாகிட்ட சொல்லி வச்சிருக்கேன். எனக்கே அதைத்தான் சொல்லிக்கிட்டேன். நாலு மாசம் சொல்லிச் சொல்லி, கிட்டத்தட்ட உண்மை மாதிரியே ஆயிடுச்சு. நீங்க உக்காந்திருக்கிற விதத்தைப் பார்த்தா உங்ககிட்ட அது செல்லாது போலிருக்கு.

படிச்சா. பதினாறாவது நாள் மத்தியானம், நான் துணி மடிச்சுக்கிட்டிருந்தேன். புத்தகத்துல விரலை வச்சபடி வந்தா. "மா, 611-க்கு அப்புறம் 614 வருது. கிழவர் வீட்டைவிட்டுக் கிளம்பறாரு, அடுத்த பக்கத்துல பார்த்தா எல்லாரும் அழறாங்க. மாட்டிக்கிச்சு, பிரிச்சுக் கொடு"ன்னா. பல நாள் கழிச்சு அன்னிக்குத்தான் அவ முகத்துல சிரிப்பைப் பார்த்தேன். இன்னும் நாலு நாள் பாக்கி இருந்துச்சு. விரைவுத் தபால்ல போட்டா ரெண்டு நாள்ல போய்ச் சேர்ந்திருக்கும்.

புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். ஓரத்தைத் தடவிப் பார்த்தேன். பசை நல்லாப் பிடிச்சிருந்துச்சு.

"இது கண்ணி இல்லடி. பழைய பசை, பைண்டிங்லயே ஒட்டிக்கிச்சு. பிரிச்சா எழுத்தெல்லாம் உரிஞ்சு வந்துடும். விட்டுட்டு மேல படி"ன்னேன்.

"அப்படியா?"ன்னு என்னைப் பார்த்தா. "இந்தத் தடவை எனக்குக் கண்ணியே வைக்கலையா நீ?"

"இனிமே என்னடி கண்ணி, நீ பெரிய பொண்ணு ஆயிட்ட"ன்னேன்.

அவ நகத்தால ஒரு தடவை கீறியிருந்தா போதும், டீச்சர். ஒரே ஒரு மூலை போதும், பிரிஞ்சிருக்கும். ஆனா ஒட்டினதைப் பிரிக்கக் கூடாதுன்னு பன்னெண்டு வயசுல சொன்ன சொல்லை அவ மீறினதே இல்ல. மீதிப் பக்கத்தை என் பக்கத்துல உக்காந்தே படிச்சு முடிச்சா. அந்தக் கிழவர் எப்படிச் செத்தார்னு கடைசி வரைக்கும் தெரியலையேன்னு ரொம்ப வருத்தப்பட்டா. எனக்குத் தெரிஞ்சதை நான் சொன்னேன்.

கெடு முடிஞ்ச மறுநாள் புத்தகத்தை ரூமுக்கு எடுத்துட்டுப் போய்ப் பிரிச்சேன். ஒரு எழுத்துகூட உரியல. கைவேலையில இதுவரை யாரும் என்னைக் குறை சொன்னதில்ல. அந்த ரெண்டு தாளையும் பட்டைப் பட்டையா வெட்டி, முதுகு பிஞ்சு வந்த ஒரு புத்தகத்துக்கு உள்தாளா வச்சு ஒட்டிட்டேன். எந்தப் புத்தகம்னு கேட்டா நிஜமாவே ஞாபகம் இல்ல. ஒரு நாளைக்கு முப்பது வருது.

அவ அழலை. ஒரு வாரம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தா. சுவர்ல ஒட்டி வச்சிருந்த வரைபடத்தையெல்லாம் கழட்டி, சுருட்டி, கட்டிலுக்கு அடியில தள்ளிட்டா. ஒரு நாள் சாயங்காலம் எழுந்து வந்து என் மடியில தலையை வச்சா. "விடும்மா, நீ மனசு கஷ்டப்படாத. எனக்கு அவ்வளவுதான் கொடுத்து வச்சது"ன்னு என்னைத் தேத்தினா. நான் தலையைத் தடவிக் கொடுத்தேன். அவ என் மடியில படுத்து எத்தனை வருஷம் ஆச்சு தெரியுமா? அன்னிக்கு எனக்கு இடுப்பு வலியே இல்ல.

நான் செஞ்சதை நான்தான் செஞ்சேன். தபாலை வாங்கினதும், ஒட்டினதும், அவ கொண்டுவந்து நீட்டினப்ப பிரிக்காம விட்டதும் நான்தான். எதுக்குன்னும் சொல்லிடறேன். அவ போயிட்டா இந்த வீட்ல எனக்கு "ம்" மட்டும்தான் மிஞ்சும். என்னால அது முடியாது. எனக்கு ரொம்ப அலுத்துப்போச்சு டீச்சர். ஒரு மனுஷி பேச்சுத்துணைக்கு ஆசைப்படறது அவ்வளவு பெரிய குத்தமா?

கேட் சத்தம் கேக்குது, இன்னிக்குச் சீக்கிரமே வந்துட்டா போலிருக்கு. நீங்க சொல்லணும்னா சொல்லுங்க, நான் தடுக்க மாட்டேன். ஆனா சொல்றதுக்கு முன்னாடி அவகிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க. "உங்க அம்மா உன் படிப்புக்கு என்னிக்காவது குறுக்க நின்னாங்களா?"ன்னு கேளுங்க. என் பொண்ணு பொய் பேச மாட்டா. இல்லைன்னுதான் சொல்லுவா.