வாராவாரம் நடவு

தலைப்பாகை எனக்கு நன்றாகப் பொருந்தும் சார். மற்றபடி எனக்கும் விவசாயத்துக்கும் சம்பந்தமில்லை.

நூம்பலில் ஒரு காலி மனையை வாடகைக்குப் பிடித்து, தண்ணீர் விட்டுச் சேறாக்கி, ‘உத்தமன் பண்ணைச் சுற்றுலா’ என்று போர்டு மாட்டினேன். ஞாயிறானால் கொரட்டூர், அம்பத்தூர் ஃபிளாட்டுகளிலிருந்து குடும்பங்கள் வரும். நாற்று நடும், போட்டோ எடுக்கும், கூழ் குடிக்கும், போகும். போனதும் நட்டதையெல்லாம் பிடுங்கி முடிச்சுக் கட்டி வைத்துவிடுவேன். அடுத்த ஞாயிறு அதே நாற்று, வேறு குடும்பம். யாருக்கும் நஷ்டமில்லை.

வினை, அப்படி வந்த ஷோபனா மேடத்தின் மகள் மோகனப்பிரியாவால்தான் வந்தது. ஏழு வயதுப் பிள்ளை. தான் நட்டதற்குத் தலை ரிப்பனை அவிழ்த்துக் கட்டிவிட்டுப் போனாள். வாராவாரம் போன்.

“அங்கிள், என் நெல்லு வளந்துடுச்சா?”

“வளருதும்மா.”

பிள்ளையிடம் வேறென்ன சொல்ல?

“பொங்கலுக்கு நானே அறுத்து, நானே பொங்கல் வைப்பேன்.”

இதைக் கேட்டு மற்ற குடும்பங்களும் அவரவர் நெல்லைக் கேட்டன. என் சேற்றில் ரிப்பன் மட்டும்தான் இருந்தது.

இரண்டு தெரு தள்ளி பக்தவத்சலம் அண்ணனின் வயல். எங்கள் பக்கம் இன்னும் பயிர் வைக்கிறவர் அவர் ஒருவர்தான். கதிர் முற்றித் தலைசாய்ந்து நின்றது. மகள் வளைகாப்புக்கு அவர் ஆவடி போன அன்று, ஆள் வைத்து வேரோடு பிடுங்கி, குட்டியானை வண்டியில் ஏற்றிவந்து, என் சேற்றில் வரிசையாக ஊன்றினேன். வேலை சுத்தம்.

அரிவாள் பிடிக்கக் கற்றுத்தர ஓர் ஆள் வேண்டுமே. அண்ணனையே கூப்பிட்டேன். வளைகாப்பு முடிந்து, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே வந்துவிட்டார். தங்கமான மனுஷன்.

“இன்னா நைனா, அப்டியே என் பயிரு மாதிரியே கீதே?”

“நல்ல பயிரெல்லாம் ஒரே ஜாடைதாண்ணே.”

“அதுவும் சரிதான். நான் மட்டுந்தான் நல்லா வெக்கிறேன்னு நெனச்சிகினு இருந்தேன்.”

சொல்லிவிட்டுப் பிள்ளைகளுக்குத் தன் கையாலேயே அறுத்துக் காட்டினார். மோகனப்பிரியா கைதட்டினாள்.

சாயங்காலம் தன் வயலுக்குப் போனவர் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாராம். ஆமாம் இன்ஸ்பெக்டர் சார், வயல் முழுக்க நான்தான் எடுத்தேன். ஆனால் அறுப்புக் கூலி அவருக்கு மிச்சம், அதையும் யோசிக்க வேண்டும்.

ஒரே ஒரு உதவி. அடுத்த போகத்துக்குச் சீக்கிரம் நாற்று விடச் சொல்லி நீங்களே அவரிடம் எடுத்துச் சொல்லுங்கள். சித்திரை அறுப்புக்கு புக்கிங் முடிந்துவிட்டது. அத்தனை பிள்ளைகளுக்கும் நான் என்ன பதில் சொல்வேன்?