உரியவர் கேட்டு வராத மணிக்கூடு

மேடையில் அமர்ந்திருக்கும் சங்கத் தலைவர் திரு. தில்லைநாதன் அவர்களே, செயலாளர் பொன்னம்பலம் மாமா அவர்களே, பம்பலப்பிட்டியிலிருந்து வந்திருக்கும் என் ஆசிரியைகளே, வெள்ளவத்தை, பாமன்கடை அயலவர்களே! மூன்று இடங்களில் அடையாள அட்டையைக் காட்டி, கிராண்ட்பாஸிலிருந்து தனியாக வந்து பின்வரிசையில் இருக்கும் ஸைனம்பு மாமி அவர்களே! மணிக்கூட்டுத் தங்கையாவின் மகள் கௌரி உங்கள் எல்லோருக்கும் வணக்கம் சொல்கிறேன்.

நிகழ்ச்சி நிரலில் முதலாவதாக, படத்துக்கு மாலை அணிவித்தல், தலைவர் என்று இருக்கிறது. கடைசிக்கு முதல், நன்றியுரை, செல்வி கௌரி தங்கையா என்று இருக்கிறது. சோதனைச் சாவடிகளில் மறிபட்டவர்களும் வந்து சேரட்டும் என்று மௌன அஞ்சலியைக் கடைசியில் வைத்திருக்கிறார்கள்.

நன்றியுரையைப் பொன்னம்பலம் மாமாவே எழுதித் தந்தார். “பிள்ளை, பொலிஸ் எண்ட சொல்லே வரக்கூடாது. கோர்ட் எண்டும் வரக்கூடாது. வந்த ஆக்களுக்கு நன்றி சொல்லிப்போட்டு இரு. யார் யார் வந்து இருப்பினமோ தெரியாது” என்றார். அந்தத் தாள் என் பைக்குள் பத்திரமாக இருக்கிறது. நான் வாசிப்பது வேறு தாள். இதை நான் எழுதியது அம்மாவுக்கும் தெரியாது. அம்மா, தயவுசெய்து எழுந்து வந்து என்னை மேடையிலிருந்து இறக்காதீர்கள். முழுவதையும் வாசிப்பேன்.

சபையோரே! எங்கள் ஒழுங்கை வாசலில் ஒட்டியிருக்கும் பிரசுரத்தில் தங்கையா அவர்கள் இயற்கை எய்தினார் என்று இருக்கிறது. எந்த இயற்கை? ஐம்பத்திரண்டு வயது மனிதர், காலையில் இரண்டு இடியப்பம் கூடக் கேட்டுச் சாப்பிட்டவர், நடந்து போய் ஜீப்பில் ஏறியவர். பத்தொன்பதாம் நாள் பெட்டியில் வந்தார். கடதாசியில் மாரடைப்பு என்று எழுதியிருந்தது. மணிக்கூட்டின் பின்மூடியைத் திறப்பதற்காக அப்பா இடது கைப் பெருவிரல் நகத்தை நீளமாக வளர்த்திருந்தார். உங்களில் எத்தனை பேர் அதைப் பார்த்துச் சிரித்திருப்பீர்கள்! அந்த நகம் விரலில் இல்லை. மாரடைப்பு நகத்தைக் கொண்டு போகுமா?

அப்பா என்ன குற்றம் செய்தார்? ஒரு மணிக்கூடு செய்தார். அதைத்தான் இன்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள். ஆகவே நான் சொல்கிறேன்.

ஒரு வாடிக்கையாளர் வந்தார். இளமையில், இந்த நாடு சிலோனாக இருந்த காலத்தில், கடற்படையில் சுழியோடியாக இருந்தவர். கடலுக்கு அடியில் வேலை செய்பவர்களுக்கென்று செய்த வெளிநாட்டு இராணுவ மணிக்கூடு ஒன்று அவருக்குக் கிடைத்திருந்தது. எண்பத்து மூன்றுக் கலவரத்தில் அவருடைய வீடு எரிந்தபோது அலுமாரியோடு அதுவும் போய்விட்டது. அதற்கு மிச்சம் இருந்த அடையாளம் ஒரே ஒரு படம். இறங்குதுறையில் ஈரத் தலையோடு சிரித்துக்கொண்டு நிற்கிறார், கையில் அந்த மணிக்கூடு.

“தங்கையா, எனக்கு இது திரும்ப வேணும். கடையில வாங்கிற புதுசு வேண்டாம். இதுதான் வேணும்” என்றார்.

“ஐயா, இது எரிஞ்சு போச்செல்லோ?”

“அதுதான் உன்னட்ட வந்தனான்.”

அப்பா படத்தை ஸ்டூடியோவில் பெருப்பித்து மேசைக்கு மேலே ஒட்டினார். எங்கள் கடை ஒரு அலுமாரி அளவுதான். அதற்குள் ஏழு மாதம் அந்த வேலை நடந்தது. உள்ளே ஓடும் இயந்திரத்தைப் பழைய சுவிஸ் மணிக்கூடு ஒன்றிலிருந்து எடுத்தார். வாள் போன்ற முட்களைப் பித்தளைத் தகட்டில் வெட்டி அராவினார். ஒன்று சரிவருவதற்குள் ஒன்பது முட்கள் பிழைத்துப் போயின. பட்டி கோக்கும் கம்பிகளைக் கழற்ற முடியாதபடி மணிக்கூட்டின் உருக்கு உடம்போடு ஒட்டவைத்தார். கழன்று விழுந்தால் கடலுக்கு அடியில் யார் தேடுவது? வெளியே ஒரு வளையம், அறுபது பற்களோடு. சுழியோடுபவன் இறங்கும்போது அதைத் திருப்பி வைப்பான். எவ்வளவு நேரம் போயிற்று, எவ்வளவு மூச்சு மிச்சம் என்று அது காட்டும்.

வளையத்தையும் உருக்கு உடம்பையும் கடைந்து தந்தவர் கிராண்ட்பாஸ் புவாத் நானா. கோடரி போன்ற கை, ஆனால் தலைமயிர் அளவு பிழை வராது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பத்திரிகையில் சுற்றிக் கொண்டு வருவார்.

“என்ன மாஸ்டர், இது மணிக்கூடா, கப்பல் நங்கூரமா? இதக் கட்டினா ஆள் மேல வரமாட்டாரே!”

“நீ முதல்ல இன்னும் அரை மில்லிமீற்றர் கடைஞ்சு எடு, புவாத். பிறகு ஆள் வாறாரோ இல்லையோ பாப்பம்.”

“போன கிழமையும் அரை மில்லி. இந்தக் கிழமையும் அரை மில்லி. கடசீல கையில வெறும் ஓட்டதான் மிஞ்சப் போவுது!”

தண்ணீர் புகாதா என்று எப்படிப் பார்ப்பது? புவாத் நானா ஒரு தடித்த பித்தளைக் குழாய் செய்தார். ஒரு பக்கம் மூடி, மறுபக்கம் சைக்கிள் வால்வு. அதற்குள் தண்ணீர் நிரப்பி, இயந்திரம் வைக்காத வெறும் உடம்பை இறக்கி, சைக்கிள் பம்பால் அடிப்பார்கள். உடம்புக்குள் ஒரு கடதாசித் துண்டு இருக்கும். அதில் ஊதாப் பென்சிலால் கோடு போட்டுக் கொடுத்தது நான். ஒரு சொட்டுப் புகுந்தாலும் கோடு பூப்போல விரிந்துவிடும். மூன்று முறை விரிந்தது. நான்காம் முறை அப்பா மூடியைத் திறந்தார். கோடு கோடாகவே இருந்தது. புவாத் நானா அப்பாவைத் தூக்கிவிட்டார்! கடைக்குள் தூக்க இடமில்லாமல் அப்பாவின் தலை மின்குமிழில் இடித்தது.

கடைசி வேலை, பின்பக்கத்தில் இலக்கம். வாடிக்கையாளர் பழைய மணிக்கூட்டில் தன் சேவை இலக்கத்தை வெட்டுவித்திருந்தாராம். அதே இலக்கம் இதிலும் வேண்டும் என்றார். 4719. அதை அப்பா வெட்டிய நாள் வெள்ளிக்கிழமை. ஞாயிறன்று உரியவர் வந்து வாங்குவதாக இருந்தது.

அதற்கு முதல்நாள், வியாழன் இரவு, துறைமுகப் பக்கம் குண்டு வெடித்திருந்தது. சனிக்கிழமை பொலிஸார் எங்கள் ஒழுங்கையைச் சுற்றி வளைத்தார்கள். மேல்மாடி லொட்ஜில் இருந்த பெடியன்களின் பதிவைப் பார்க்கத்தான் வந்தார்கள். போகிற வழியில் ஒருவர் கடைக்குள் எட்டிப் பார்த்தார். மேசையில் சுழியோடியின் மணிக்கூடு. பக்கத்தில் வால்வு வைத்த குழாய். சுவரில் இறங்குதுறைப் படம், முகம் வெட்டுப்பட்டு, கை மட்டும் பெரிதாக.

“மேக்க காட்டத ஹெதுவே?” என்றார். யாருக்குச் செய்தாய் என்று கேட்டார்.

அப்பா சொல்லவில்லை.

வாடிக்கையாளர்களின் பெயரும் விலாசமும் ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டையில் இருக்கும். பள்ளிவிட்டு வந்து அவற்றை எழுதுவது என் வேலை. அந்தப் புத்தகம் அப்போது, சனிக்கிழமை வகுப்புக்கு எடுத்த என் பள்ளிப் பைக்குள், என் தோளில் இருந்தது. அவர் என்னிடம் திரும்பிக் கேட்டார். நான் தெரியாது என்றேன். அப்பா என்னைப் பார்க்காமலே, “பையைக் கொண்டுபோய் மேல வைச்சுப்போட்டுப் படி, பிள்ளை” என்றார். அதுதான் அப்பா என்னோடு கடைசியாகக் கதைத்தது. நான் மேலே போனேன். அப்பாவை ஜீப்பில் ஏற்றுவதை யன்னலால் பார்த்தேன். சாவடியில் நிற்கும் சிப்பாய், அப்பா காசு வாங்காமல் திருத்திக் கொடுத்த மணிக்கூட்டைக் கையில் கட்டியபடி, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்று மாலையே புவாத் நானாவையும் கொண்டு போனார்கள். மறுநாள் பத்திரிகையில் படம் வந்தது. தற்கொலைச் சுழியோடிகளுக்கு மணிக்கூடு செய்யும் நிலையமாம். பின்பக்க இலக்கம் இயக்கப் பெடியன்கள் கழுத்தில் கட்டும் தகட்டின் இலக்கமாம். அதை நம்முடைய மொழிப் பத்திரிகையும் ஒரு சொல் குறையாமல் போட்டது.

சபையோரே, அதற்குப் பிறகு நீங்கள் என்ன செய்தீர்கள்? கடையில் முப்பத்தொரு மணிக்கூடுகள் துண்டு கட்டித் தொங்குகின்றன. அப்பா எல்லாவற்றையும் திருத்தி முடித்துவிட்டார். ஐந்து கிழமையாக ஒருவரும் எடுக்க வரவில்லை. காசு தர வேண்டாம், வந்திருக்கலாமே! எங்கள் அம்மா சரோஜினிதேவி சந்தைக்குப் போனால் தெருவைக் கடந்து மற்றப் பக்கத்தால் போனவர்கள் இந்த மண்டபத்தில் எத்தனை பேர்? இன்று எல்லோரும் வெள்ளை உடுத்து வந்து, நல்ல மனிதர், பொல்லாத மனிதரில்லை என்கிறீர்கள். அந்தப் பத்தொன்பது நாளில் ஒருவராவது, ஒரு நாளாவது, அதை அங்கே போய்ச் சொன்னீர்களா?

ஆனால் என் கோபம் உங்கள் எல்லோர்மீதும் ஒரே அளவு இல்லை.

அந்த வாடிக்கையாளர் இந்த மண்டபத்தில் இருக்கிறார். இன்று என் அப்பாவின் படத்துக்கு மாலை போட்ட முதல் கை அவருடைய கை. இறங்குதுறைப் படத்தில் நான் ஏழு மாதம் பார்த்த அதே கை. அப்பா அவருடைய பெயரைச் சொல்லவில்லை. கேட்டிருப்பார்கள். எத்தனை தரம், எப்படிக் கேட்டார்கள் என்பதை நகம் இல்லாத விரல் எனக்குச் சொன்னது. ஒரு பெயர் சொல்லியிருந்தால் போதும். அவர் சொல்லவில்லை. “அவருக்கு ரெண்டு பொம்பிளைப் பிள்ளையள், கனடாவுக்குப் போக விசாவுக்கு நிக்கினம், பாவம்” என்று அப்பா ஒருநாள் வேலை செய்தபடி அம்மாவுக்குச் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது.

ஐயா, உங்கள் பயம் எனக்கு விளங்குகிறது. என்னை விட யாருக்கு விளங்கும்? பையைத் தோளில் வைத்துக்கொண்டு தெரியாது என்று சொன்னவள் நான். நாம் இருவரும் வாயை மூடிக்கொண்டிருந்தோம். அப்பா போய்விட்டார். இனி நீங்கள் சொன்னாலும் வர மாட்டார். அதற்காக நான் இங்கே நிற்கவில்லை.

புவாத் நானா உயிரோடு இருக்கிறார்.

போன கிழமை அவருடைய மனைவி ஸைனம்பு மாமி எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா தேத்தண்ணீர் கொடுத்தார். மாமி அதைத் தொடவில்லை. “எங்கட மனுசன் ஒரு வளையம்தானே புள்ள கடஞ்சி குடுத்தாரு? இந்த ஊர்ல அது எனக்குச் செஞ்ச சாமான்னு சொல்ல ஒரு ஆம்பிள இல்லையா?” என்று கேட்டார். அடிக்கட்டை அடுத்த அறையில் இருந்தது.

வருகிற செவ்வாய்க்கிழமை அவரை மறுபடி நீதவான் முன் கொண்டு வருகிறார்கள். போன தவணையில் நீதவான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம். இந்த இலக்கம் யாருடையது? பதில் இல்லாவிட்டால் அவரைத் தூரத்துச் சிறைக்கு மாற்றிவிடுவார்கள், பிறகு தவணை எப்போது என்று சொல்ல முடியாது என்று சட்டத்தரணி சொல்லியிருக்கிறார். சபையோரே, 4719 எந்தத் தகட்டிலும் இல்லை! அது ஒரு பழைய கடற்படைச் சேவைப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் இருக்கிறது. அந்தப் புத்தகம் எரியவில்லை. இலக்கத்தைச் சரிபார்க்க அதைக் கடைக்குக் கொண்டு வந்து எங்கள் மேசையில் விரித்ததை நான் பார்த்தேன்.

ஐயா, நீங்களாகச் சட்டத்தரணியோடு அந்தப் புத்தகத்தைக் கொண்டு போனால், நீங்கள் ஒரு மணிக்கூட்டின் சொந்தக்காரர். நான் அடிக்கட்டையைக் கொண்டு போனால், நீங்கள் ஒளித்திருந்த ஆள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. அதனால்தான் இன்று பெயரை வாசிக்காமல் இலக்கத்தை வாசித்தேன். திங்கட்கிழமை இரவு வரை பார்த்துக்கொண்டிருப்பேன். செவ்வாய் காலை ஸைனம்பு மாமியின் கையைப் பிடித்துக்கொண்டு நான் போவேன். என்னிடம் மறுபடி கேட்பார்கள். தெரியாது என்று இன்னொரு முறை சொல்ல மாட்டேன். அப்பா உங்கள் பெயரைச் சொல்லவில்லை. நான் அப்பா இல்லை.

இப்படியான கூட்டங்களில் அவர் விட்ட பணியைத் தொடர்வோம் என்று சொல்வது வழக்கம். நானும் சொல்கிறேன். அந்த மணிக்கூட்டின் வேலையில் எல்லாம் முடிந்துவிட்டது. முள் முடிந்தது, வளையம் முடிந்தது, இலக்கம் முடிந்தது. ஒன்றுதான் மிச்சம், உரியவர் கையில் கொடுப்பது. அது இப்போது நீதிமன்ற அலுமாரியில் இருக்கிறது. அதை உரியவர் கையில் சேர்ப்பேன். முப்பத்தொரு மணிக்கூடுகளையும் சேர்ப்பேன். நாளைக்குப் பள்ளிவிட்டதும் கடையைத் திறக்கிறேன். வந்து எடுங்கள்.

இனி மௌன அஞ்சலி, இரண்டு நிமிடம். நேரத்தை இந்த மண்டபத்துச் சுவர் மணிக்கூட்டில் பாருங்கள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அப்பா வந்து சாவி கொடுத்த மணிக்கூடு அது. இந்த வெள்ளி நான் வந்து கொடுத்தேன். அது சரியாக ஓடுகிறது.

எல்லோரும் என் அப்பாவுக்காக எழுந்து நில்லுங்கள். இரண்டு நிமிடம் முடிந்ததும் எல்லோரும் உட்காருங்கள். புவாத் நானாவுக்காக ஒருவர் மட்டும் உட்காராமல் நிற்கட்டும்.